எழும்பூரிலிருந்து ஹார்வர்டுக்குப் போன கட்டுரை: கலைப்பொருள் காப்பவர்கள் ஏன் வட்டாரமாகக் கூட வேண்டும்

1937ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாக் கலை அருங்காட்சியகம் நடத்திய ஆய்விதழில் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் எஸ். பரமசிவன், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலர். கருவறையைச் சுற்றிவரும் இருட்டு நடையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்திருந்தார். பரமசிவன் அந்தச் சுவரின் சாந்தைத் துணுக்குத் துணுக்காகச் சோதித்தார். கீழே சுண்ணாம்பும் மணலும் கலந்த சொரசொரப்பான பூச்சு, அதன்மேல் மெல்லிய வெண்சாந்து, சாந்தின் ஈரம் காய்வதற்குள் தீட்டிய வண்ணம். பசை எதுவும் இல்லாமல் சுண்ணாம்பே வண்ணத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் முறை அது என்று முடிவு சொன்னார்.

இந்தக் கட்டுரையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். தஞ்சாவூர்ச் சுவரைப் பற்றி எழும்பூர்க்காரர் ஒருவர் பேசுவதற்கு ஏன் பாஸ்டன் பக்கம் வரைக்கும் போக வேண்டியிருந்தது? அன்றைக்கு இந்தத் தொழிலில் இருந்தவர்கள் உலகம் முழுவதிலும் கொஞ்சம் பேர்தான். ஜார்ஜ் ஸ்டவுட் ஆசிரியராக இருந்த அந்த இதழ் 1932இல் தொடங்கி 1942இல் நின்றுபோனது. ஓவியத்தின் அழகைத் தாண்டி, அது எதனால் ஆனது, எதனால் கெடுகிறது என்று கேட்டவர்கள் சந்தித்துக்கொள்ள அப்போது இருந்த இடம் ஏறக்குறைய அது ஒன்றுதான்.

கலைப்பொருள் பாதுகாப்பாளர் என்பவர் யார் என்று முதலில் சொல்லிவிடலாம். நம் ஊரில் கன்சர்வேட்டர் என்றால் வனத்துறை அதிகாரியைத்தான் நினைப்பார்கள். அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் என்ற பதவி உண்டு. அவர் பொருள்களைத் தொகுத்து, ஆராய்ந்து, காட்சிக்கு வைப்பவர். பாதுகாப்பாளரின் வேலை வேறு. துருப்பிடித்த செம்பு, பொரிந்து உதிரும் ஓவியம், பூச்சி அரித்த சுவடி, உப்புப் பூத்த கல் எல்லாம் அவர் மேசைக்கு வரும். கெடுவதற்குக் காரணம் என்ன என்று கண்டுபிடித்து அதை நிறுத்துவதுதான் அவர் பொறுப்பு. புதுசு போல் ஆக்குவது இல்லை. தான் செய்ததை நாளைக்கு இன்னொருவர் கழற்றி எடுக்கும்படி செய்ய வேண்டும், செய்ததையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்பவை இந்தத் தொழிலின் அடிப்படை விதிகள்.

எழும்பூரில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியது 1930இல். அதற்கு முன்பே 1917இல் தொல்லியல் துறை முகமது சனா உல்லா என்ற வேதியியலரை நியமித்திருந்தது. அந்தத் துறையின் அறிவியல் பிரிவு பிறகு டேராடூனில் நிலைகொண்டது. எழும்பூர் ஆய்வகம் பிறக்க முக்கியமான காரணம் வெண்கலத் திருமேனிகள். மண்ணுக்கடியில் பல நூற்றாண்டு கிடந்து, கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ வெளிவந்து, புதையல் சட்டப்படி அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த சிலைகள் அவை. நாகப்பட்டினத்தில் மட்டும் 1856 முதல் 1930கள் வரை ஏறக்குறைய 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன.

இந்தச் சிலைகளுக்கு வரும் நோய்க்கு வெண்கல நோய் என்றே பெயர். மண்ணில் இருக்கும் உப்பு செம்போடு சேர்ந்து, மேற்பரப்பின் பச்சைப் படலத்துக்கு அடியில் செம்புக் குளோரைடாகப் பதுங்கியிருக்கும். மண்ணுக்குள் இருக்கும்வரை தொல்லை இல்லை. வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் அதைத் தொடும். வெளிறிய பச்சை நிறத்தில் மாவு போல ஒரு பொடி கிளம்பும். கூடவே கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் நல்ல செம்பைத் தின்று மறுபடியும் குளோரைடை உண்டாக்கும். இப்படியே சுற்றிச் சுற்றி நடந்து, விட்டுவைத்தால் விரல், காது, பீடத்தின் விளிம்பு என்று ஒவ்வொன்றாகக் கரைந்துபோகும்.

கோயிலில் நித்திய பூஜையில் இருக்கும் உற்சவருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை. புதைந்து எழுந்தவருக்குத்தான் வரும். வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிற பழக்கத்தில், பச்சையைப் பார்த்ததும் யாராவது புளியைத் தேய்த்துவிடுகிறார்கள். மேலே பளபளக்கும், அடியில் உப்பு அப்படியே இருக்கும், அதோடு புளியின் அமிலமும் ஈரமும் சேர்ந்துகொள்ளும். அடுத்த மழைக்காலத்தில் பச்சைப் பொடி திரும்ப வந்துவிடும்.

1930களில் எழும்பூரில் இதற்குக் கைக்கொண்ட வழி மின்பகுப்பு. சிலையை எதிர்மின்வாயாக்கி, காரக் கரைசலில் அமிழ்த்தி, மின்சாரம் செலுத்திக் குளோரைடை வெளியே இழுத்தார்கள். அன்றைய அறிவுக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த முறை பச்சைப் படலத்தையும் சேர்த்து உரித்துவிடும். சிலை எந்த மண்ணில் கிடந்தது, எந்தத் துணியில் சுற்றிப் புதைக்கப்பட்டது என்ற தடயங்கள் பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் இருக்கும் என்ற கவனம் பிறகுதான் வலுத்தது. 1967இல் டென்மார்க்கின் மேட்சன் பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தும் முறையை எழுதினார். படலத்தை உரிக்காமலே செம்போடு பிணைந்து நோயை அடக்கிவைக்கும் முறை அது. உலகம் முழுவதும் பரவியது. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: அதன்பிறகு சிலையை உலர்ந்த காற்றில் வைக்க வேண்டும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. சென்னையில் ஈரப்பதம் சாதாரணமாகவே 70ஐ ஒட்டி இருக்கும்.

வட்டாரம் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. வேதிப்பொருள் கோபன்ஹேகனிலும் சென்னையிலும் ஒன்றுதான், காற்று வேறு. அங்கே எழுதிய குறிப்பு அங்கே சரி. இங்கே அது எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று சொல்ல, இங்கே செய்துபார்த்து பத்து வருஷம் கழித்து அந்தச் சிலையை மறுபடி திறந்து பார்த்த ஒருவர் வேண்டும். அவர் தான் பார்த்ததை இன்னொருவரிடம் சொல்லவும் வேண்டும்.

அஜந்தாவில் நடந்தது இதற்குப் பெரிய பாடம். 1920ஐ ஒட்டி ஹைதராபாத் நிஜாம் அரசு, உதிர்ந்துகொண்டிருந்த குகை ஓவியங்களைக் காப்பாற்ற இத்தாலியிலிருந்து லொரென்சோ செக்கோனியையும் அவருடைய உதவியாளர் ஒர்சினியையும் வரவழைத்தது. பிரிந்து நின்ற சாந்தை அவர்கள் சுவரோடு ஒட்டவைத்தார்கள். அந்த வேலையால்தான் பல ஓவியங்கள் இன்றைக்கும் சுவரில் இருக்கின்றன. கூடவே ஓவியத்தின்மேல் அரக்கு வார்னிஷ் பூசினார்கள். முதலில் வண்ணங்கள் துலக்கமாகத் தெரிந்தன. பிறகு அரக்கு மஞ்சளாகி, பழுப்பாகி, தூசியையும் வௌவால் எச்சத்தின் கறையையும் பிடித்துக்கொண்டது. அடுத்து வந்த தலைமுறைகளின் தொல்லியல் வேதியியலர்கள் அந்த அரக்கை எடுப்பதிலேயே பல்லாண்டு செலவிட்டார்கள். இத்தாலியர்கள் அலட்சியக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்ததை நேர்மையாகச் செய்தார்கள். வௌவால் அடையும் தக்காணத்துக் குகையில் அரக்கு எப்படி மூப்படையும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

இதே மாதிரி இன்னொன்று. 1950களில் தில்லி தேசிய ஆவணக் காப்பகம் ஒரு எளிய முறையை உருவாக்கியது. நைந்த காகிதத்தின் இருபக்கமும் செல்லுலோஸ் அசிடேட் தாளையும் மெல்லிய டிஷ்யூவையும் வைத்து, அசிட்டோன் தொட்டுக் கையாலேயே ஒட்டிவிடலாம். பெரிய இயந்திரம் வேண்டாம், செலவும் குறைவு. ஏழை நாடுகளின் காப்பகங்களுக்கு இது வரப்பிரசாதமாக இருந்தது. காலம் போகப் போக அசிடேட் தானே சிதைந்து அமிலமாவதும், ஒட்டியதைப் பிரிப்பது பெரும்பாடாக இருப்பதும் தெரியவந்தது. நல்ல வெற்றியைப் பற்றி எல்லோரும் கட்டுரை எழுதுவார்கள். இப்படி மெல்லத் தெரியவரும் தோல்வியை யாரும் எழுதுவதில்லை. அதை டீ குடிக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம்தான் சொல்வார்கள். அந்தப் பேச்சு நடப்பதற்கு ஓர் இடம் வேண்டும்.

உலக அளவில் அந்த இடம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உருவானது. போர் நடந்தபோது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் படங்களைக் குண்டுவீச்சிலிருந்து காக்க வேல்ஸில் உள்ள ஒரு கற்பலகைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். வெப்பமும் ஈரமும் மாறாமல் இருந்த அந்தச் சுரங்கத்தில் படங்கள் உரிவதும் வெடிப்பதும் ஏறக்குறைய நின்றே போனது. காற்றைச் சீராக வைத்தாலே பாதி வேலை முடிந்தது என்ற எண்ணம் அங்கே உறுதிப்பட்டது. 1950இல் லண்டனில் கலைப்பொருள்களுக்கான பன்னாட்டுப் பாதுகாப்பு நிறுவனம் அமைந்தது. 1956இல் யுனெஸ்கோ பொது மாநாடு எடுத்த முடிவின்படி ரோம் நகரில் இதே வேலைக்காக இக்ரோம் என்ற அரசுகளுக்கிடையிலான மையம் 1959இல் தொடங்கியது. அந்த 1956 மாநாடு நடந்த இடம் புது தில்லி என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம்.

ஐம்பது சதவீத ஈரப்பதம், இருபது டிகிரி வெப்பம் என்ற கணக்கு இந்த வழியில்தான் வேரூன்றி உலகத்துக்கே விதியானது. குளிர்நாட்டு ஓவியத்துக்கும் மரச்சாமானுக்கும் பொருந்திய விதி நமக்கும் வந்தது. பகலில் ஏசி போட்டு, மாலை ஐந்து மணிக்கு நிறுத்திவிட்டுப் போகும் கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். பகல் முழுவதும் குளிர்ந்து கிடந்த பொருளின்மேல் இரவில் ஈரக்காற்று படிகிறது. ஏசியே இல்லாத, சாளரமும் தாழ்வாரமும் உள்ள பழைய கட்டடத்தில் இருந்ததைவிட அந்தப் பொருள் அதிகம் கெடக்கூடும். 2014இல்தான் லண்டனில் அமைந்த அந்தப் பன்னாட்டு நிறுவனமும் உலக அருங்காட்சியகப் பேரவையின் பாதுகாப்புக் குழுவும் சேர்ந்து, அந்தந்த ஊர்த் தட்பவெப்பத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கூட்டறிக்கை வெளியிட்டன.

சரி, வட்டாரச் சங்கம் என்றால் நடைமுறையில் என்ன? அமெரிக்காவில் இது நன்றாக வேர்பிடித்திருக்கிறது. அங்கே தேசிய அளவில் ஒரு நிறுவனம் இருக்கிறது. ஆனாலும் வாஷிங்டன் நகரத்துப் பாதுகாப்பாளர்கள் 1967இல் தங்களுக்கென ஒரு கில்டு அமைத்தார்கள். மேற்கு மாநிலங்களில் இருந்தவர்கள் 1970களின் நடுவில் தனியாகச் சங்கம் கண்டார்கள். பாலைவனம், பூகம்பம், பசிபிக் கடற்காற்று, செவ்விந்தியரின் கூடைகள் என்று அவர்களுடைய கவலைகள் நியூயார்க்காரர்களுக்கு இல்லாதவை. ஆண்டுக்கு ஒரு கூட்டம், ஆண்டுக்கு மூன்று செய்திமடல். அவ்வளவுதான் அந்த மேற்குச் சங்கம்.

ஆனால் அந்தச் சிறிய மடல் என்ன செய்தது என்று பாருங்கள். 1988 மே இதழில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த பெட்டி வால்ஷ், தண்ணீரில் நனைந்த ஆவணங்களை மீட்பது எப்படி என்று ஓர் அட்டவணை எழுதினார். காகிதமா, புகைப்படமா, தோல் அட்டை போட்ட புத்தகமா, ஒலிநாடாவா, எதை முதலில் எடுக்க வேண்டும், எப்படித் தூக்க வேண்டும், எதில் வைத்துக் கட்ட வேண்டும், உலர்த்துவதா உறையவைப்பதா என்று கட்டம் கட்டமாக. 1997இல் திருத்தியும் வெளியிட்டார்கள். ஒரு வட்டாரச் சங்கத்தின் மடலில் வந்த அந்த அட்டவணை உலகெங்கும் நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய மாநாட்டில் படித்த கட்டுரை இல்லை அது. வேலை செய்கிறவர் தன்னைப் போல வேலை செய்கிறவர்களுக்கு எழுதியது.

இந்தியாவில் 1966இல் புது தில்லியில் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான சங்கம் உருவானது. 1976இல் லக்னோவில் ஓ. பி. அகர்வால் தலைமையில் தேசியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் வந்தது. மைசூரில் அதன் தெற்குக் கிளை இருக்கிறது. 2003இல் தேசியச் சுவடி இயக்கம் தொடங்கி ஊர் ஊராகச் சுவடிப் பாதுகாப்பு மையங்களை அமைத்தது. 2008இல் உலக அருங்காட்சியகப் பேரவையின் பாதுகாப்புக் குழு தன் மாநாட்டைத் தில்லியில் நடத்தியது. இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் எல்லாம் பெரும்பாலும் தில்லியையும் லக்னோவையும் சுற்றியே இருக்கின்றன. தஞ்சை சரசுவதி மகாலில் சுவடிக்கு எண்ணெய் தடவுகிறவரும், பத்மநாபபுரம் அரண்மனையின் மரத்தைப் பார்த்துக்கொள்கிறவரும், கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியத்தில் வேலை செய்கிறவரும், எழும்பூரில் சிலையோடு இருக்கிறவரும் ஒருநாள் ரயில் தூரத்தில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் வழக்கம் இவர்களிடையே உறுதிப்படவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பேச என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஓலையை மட்டும் சொன்னாலே போதும். எலுமிச்சம்புல் எண்ணெய் தடவினால் ஓலை நெகிழும், பூச்சி அண்டாது. எவ்வளவு தடவுவது, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை? கூடிப்போனால் தூசி அப்பி ஓலை கறுக்கிறது. பனையோலை தடித்தது, சீக்கிரம் மொரமொரப்பாகும். தாளிப்பனை ஓலை மெல்லியது, நெகிழ்வானது. இரண்டுக்கும் ஒரே கைமுறையா? வசம்பைத் துணியில் முடிந்து சுவடிக் கட்டோடு வைக்கும் பழைய பழக்கம் எந்தப் பூச்சியைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை? ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருக்கிறது. இலங்கையிலும் கேரளத்திலும் இதே ஓலை, இதே பூச்சி, இதே ஈரம்.

கல்லுக்கும் அப்படித்தான். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லில் ஏறிய உப்பை எடுக்கத் தொல்லியல் துறை காகிதக் கூழை அப்பியது. ஈரக் கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கூழை உரித்துவிடலாம். உப்புக்காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு வைத்தார்கள். இதைச் செய்தவர்களின் அனுபவம் இராமேசுவரத்துக்கும் திருச்செந்தூருக்கும் வேண்டும்.

கோயில் என்றதும் இந்தப் பேச்சு சிக்கலாகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி, குடமுழுக்கு என்பது நம் வழக்கம். பக்தர்களுக்குக் கோயில் உயிருள்ள இடம், புதுப்பிப்பது கடமை. அந்த உணர்வை ஒதுக்கிவிட்டுப் பாதுகாப்பு பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தக் கடமையின் பெயரால் மணல் வீச்சு இயந்திரத்தை வைத்துக் கருங்கல்லின் மேல்தோலை உரித்தார்கள். கல்வெட்டு எழுத்துகள் மழுங்கின. பிறகு அதற்குத் தடை வந்தது. ஓவியத்தின்மேல் வெள்ளையடித்ததும், சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்தில் சிமெண்டைத் திணித்ததும் உண்டு. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அளிக்கப்பட்ட யுனெஸ்கோ குழுவின் அறிக்கை இந்தப் பழுதுகளையும், தகுதியான பாதுகாப்பாளர்கள் போதாமையையும் கடுமையாகச் சுட்டியது. 2021 ஜூனில் உயர் நீதிமன்றம் கோயில்களையும் பழஞ்சின்னங்களையும் காக்க 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

உத்தரவு போட்டால் ஆள் வந்துவிடாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பை எத்தனை நாள் புளிக்கவைக்க வேண்டும் என்று தெரிந்த கொத்தனார் ஒரு பக்கம் இருக்கிறார். அந்தச் சாந்தில் கார்பனேட் எப்படி உருவாகிறது என்று தெரிந்த வேதியியலர் இன்னொரு பக்கம் இருக்கிறார். நடுவில் ஸ்தபதி. மூவரும் ஒருவரையொருவர் சந்தேகமாகவே பார்க்கிறார்கள். வட்டாரச் சங்கம் ஒன்று அமைந்தால் அதில் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் இடம் என்று வைத்துவிடக் கூடாது. கொத்தனாரும் ஸ்தபதியும் சுவடிக்கட்டு பிரிக்கத் தெரிந்த நூலக உதவியாளரும் உறுப்பினராக வேண்டும். கூட்டம் தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் நடக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் நடத்தினால் கைவேலை தெரிந்தவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள்.

அப்புறம் வெள்ளம். 2015இல் சென்னை மூழ்கியது. 2018இல் கேரளம் மூழ்கியபோது உலோகத்தில் வார்க்கும் ஆறன்முளைக் கண்ணாடியைச் செய்யும் பட்டறைகளுக்குள் பம்பை ஆறு புகுந்து அச்சுகளையும் மண்ணையும் அழித்தது. நனைந்த காகிதத்தில் நம் வெக்கைக்கு இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். பெட்டி வால்ஷின் அட்டவணைப்படி பார்த்தால், உடனே உலர்த்த முடியாததை உறையவைத்துவிட வேண்டும். உறைந்துவிட்டால் பூஞ்சை வளராது, மாதக்கணக்கில் வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். ஆயிரக்கணக்கான புத்தகங்களை உறையவைக்கக் குளிர்பதன அறை நம் ஊரில் எந்த நூலகத்தில் இருக்கிறது?

ஆனால் கடற்கரையெங்கும் மீன் ஏற்றுமதிக்கான குளிர்பதனக் கிடங்குகள் இருக்கின்றன. காசிமேடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி, கொச்சி. புத்தகங்களைப் பாலித்தீன் தாளில் சுற்றி, மீன் அடுக்கும் அதே பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கி, மீனோடு சேராமல் தனியாக ஓர் அறையில் வைத்துவிடலாம். இதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். எந்தக் கிடங்கு, யாரிடம் பேசுவது, ஜெனரேட்டர் இருக்கிறதா, லாரி எங்கே கிடைக்கும் என்ற விவரத்தை வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால், செப்டம்பரிலேயே கேட்டு எழுதி, ஒவ்வொரு நூலகத்தின் கதவுக்குப் பின்னாலும் ஒட்டிவைக்க வேண்டும். எழும்பூரில் பத்துப் பேர் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தால் அந்தப் பட்டியலை எழுதி முடித்துவிடலாம்.